சம்மாட்டியின் மெத்தை

செப்டம்பர் 9, செவ்வாய்

படகு முதலாளி பிலவேந்திரன் சம்மாட்டிக்குச் சவப்பெட்டி சொல்லியிருக்கிறார்கள். மனுஷன் இன்னும் சாகவில்லை. டாக்டர் கைவிரித்துவிட்டாராம். மகள் எமல்டா கடைக்கு வந்து, தேக்கில்தான் செய்யவேண்டும், உள்ளே மெத்தை பார்க்க நன்றாக இருக்கவேண்டும் என்று தொபியாஸ் அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

சவப்பெட்டிக் கடையில் மரவேலை அண்ணனுடையது. உள்ளே துணி, பஞ்சு, லேஸ், தலையணை எல்லாம் என் வேலை. பதினைந்து வருஷமாக இந்தக் கடற்கரையில் மண்ணுக்குள் போனவர்களில் முக்கால்வாசிப் பேர் நான் விரித்த மெத்தையில்தான் போயிருக்கிறார்கள்.

அண்ணன் என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார். "ஏளா ஜெசிந்தா, ஒனக்குக் கஷ்டமா இருந்தா சொல்லு. துணி வேலைய மட்டும் வெளிய குடுத்துருதேன்."

"எதுக்குக் குடுக்கணும்? நாந்தான் செய்வேன்."

"கோவத்துல எதுவும்..."

"கோவமா? எனக்கா? கையில வேல வந்தா செய்யுதவ நான்."

வீட்டுக்கு வரும்வரை சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தேன். வழியில் அயிலை வாங்கிக் குழம்பு வைத்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு ருசித்துச் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 10, புதன்

எழுதாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் கஸ்பார் இந்தச் சம்மாட்டியின் படகில் வேலை பார்த்தவர். பதினாறு வருஷத்துக்கு முன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்த ஒரு நாள், நங்கூரத்தில் நிற்கும் படகு அறுந்துபோய்விடும், போய்க் கட்டிவிட்டு வா என்று சம்மாட்டி அவரைத் தனியாக அனுப்பினார். படகு பிழைத்தது. கஸ்பார் பிணமாகக் கரை ஒதுங்கினார். போலீஸ் கேட்டபோதும் சாமியார் கேட்டபோதும் சம்மாட்டி சொன்னது ஒன்றே. "குடிச்சிருந்தான். நான் போவச் சொல்லல. அவனாப் போயி விழுந்துட்டான்."

மாதாவுக்கு நேர்ந்துகொண்டு குடியை விட்டவர் என் கஸ்பார். ஊர் யாரை நம்பும்? படகு வைத்திருப்பவனையா, மீன்கூடை சுமக்கிறவளையா? கல்லறைத் தோட்டத்து வாசலில் கடலில் இறந்தவர்கள் பெயரெல்லாம் வெட்டிய கல் ஒன்று நிற்கிறது. குடித்து விழுந்தவன் பெயர் அதில் வராது என்று ஊர்க் கமிட்டி தீர்ப்புச் சொன்னது. கமிட்டித் தலைவர் யார் என்று நினைக்கிறீர்கள்? இவரேதான்.

அடக்கத்துக்கு, ஏழைகளுக்கு இனாமாகத் தரும் தர்மப் பெட்டியைக் கொடுத்தார்கள். வெறும் பலகை. என் கல்யாணப் போர்வையையாவது அடியில் விரிக்கிறேன் என்று தூக்கிக்கொண்டு ஓடினேன். "குடிகாரனுக்கு எதுக்கும்மா மெத்த? தூக்குங்கலே," என்றார் சம்மாட்டி. தூக்கினார்கள். உள்ளே தலை பலகையில் இடித்தது. டொக்.

அந்தச் சத்தத்தோடுதான் நான் படுக்கிறேன், எழுந்திருக்கிறேன். அடுத்த வருஷமே தொபியாஸ் அண்ணன் கடையில் போய் நின்று வேலை கேட்டேன். அன்றிலிருந்து என் பெட்டியில் எந்தத் தலையும் இடித்ததில்லை. இந்தத் தலை இடிக்கும்.

செப்டம்பர் 13, சனி

அந்தோணியார் சொரூபத்துக்குக் கண்ணாடிக் கூடு வந்திருக்கிறது. உள்ளே சிவப்பு வெல்வெட் ஒட்டவேண்டும். வெல்வெட்டில் ஒரு தொல்லை, மயிர் ஒரே பக்கமாகப் படிய வேண்டும். ஒரு துண்டு மாறிவிட்டாலும் வெளிச்சம் பட்டால் திட்டுத் திட்டாகக் காட்டிக்கொடுத்துவிடும். காலையிலிருந்து குனிந்து ஒட்டி இடுப்பு விட்டுப்போயிற்று.

ஒட்டிக்கொண்டே யோசித்தேன். சம்மாட்டி பெட்டியில் பஞ்சு வைக்காமல் விடுவது லேசு. ஆனால் துணி பள்ளமாகத் தெரியும். எமல்டா கண்டுபிடித்துவிடுவாள். பார்வைக்குப் பூரித்திருக்க வேண்டும், உள்ளே ஒன்றும் இருக்கக் கூடாது.

செப்டம்பர் 17, புதன்

வழி கிடைத்துவிட்டது. தென்னை ஈர்க்கை வளைத்து வளைத்துச் சின்ன வளைவுகளாகப் பலகையில் அடித்தேன். அதன்மேல் கஞ்சி போட்ட மெல்லிய துணி. அதற்குமேல் சந்தன நிறச் சாட்டின், ஓரமெல்லாம் சுருக்கு வைத்து லேஸ். தலையணையும் அப்படித்தான். பார்த்தால் ராஜா படுக்கிற மெத்தை. ஆள் பாரம் ஏறினால் ஈர்க்கு படக்கென்று படுத்துவிடும். அப்புறம் பலகைதான்.

தொபியாஸ் அண்ணன் தூர நின்று பார்த்தார். "ஒங் கை கையிதான், ஏளா. பகையாளிக்குக்கூட இப்பிடிச் செய்ய ஒனக்குத்தான் வரும்."

"செய்யுத தொழில்ல குற வைக்கலாமாண்ணே?" என்றேன். சொல்லும்போது ஒரு நடுக்கமும் வரவில்லை.

செப்டம்பர் 20, சனி

இன்னும் சாகவில்லை.

செப்டம்பர் 25, வியாழன்

கஞ்சி குடிக்கிறாராம். எழுந்து உட்காருகிறாராம். பெட்டி சொன்ன நேரம் ஆயுசு கூடிவிட்டது என்று சந்தையில் சிரிக்கிறார்கள். கட்டையில் போகிறவனுக்குக் காலன்கூட வழிவிடுகிறான், என் கஸ்பாருக்கு ஒரு ராத்திரி தவணை கொடுக்கவில்லை.

கத்தரிக்கோலைச் சாணை பிடிக்கக் கொடுத்தேன். கடைக்கூரை ஒழுகி, பெட்டியின் கால்மாட்டில் சாட்டின் நனைந்துவிட்டது. கறை பிடித்துவிடுமே என்று அந்தத் துண்டை மட்டும் பிரித்து வேறு தைத்தேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

இன்று அவரே வந்தார். ஆட்டோவிலிருந்து எமல்டா ஒரு பக்கம், டிரைவர் ஒரு பக்கம் பிடித்து இறக்கினார்கள். ஒரு காலத்தில் அந்த ஆள் நடந்தால் கடற்கரை மணல் அதிரும். இப்போது சட்டைக்குள் ஆளைத் தேடவேண்டியிருக்கிறது.

"தொபியாஸு, எம் பெட்டியப் பாக்கணும்."

அண்ணனுக்கு வேர்த்துவிட்டது. "நீங்க எதுக்கு முதலாளி அதயெல்லாம்..."

"சட்ட தச்சா போட்டுப் பாக்கமாட்டமா? எறக்குலே."

மூடியை எடுத்தார்கள். சாட்டினைத் தடவிப் பார்த்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. "படுத்துப் பாக்கேன்," என்றார்.

"அப்பா! அபசகுனம்பா!" என்று எமல்டா அலறினாள்.

"ஏட்டி, நீ போயி எனக்கு ஒரு சோடா வாங்கிட்டு வா." அவளை விரட்டிவிட்டு, அண்ணனையும் டிரைவரையும் தூக்கி உள்ளே வைக்கச் சொன்னார்.

நான் மூலையில் நின்றேன். ஈர்க்கு நொறுங்குவது எனக்குக் கேட்டது. தலையைச் சாய்த்தார். டொக்.

அண்ணன் சட்டென்று என்னைப் பார்த்தார். சம்மாட்டி கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். பிறகு கண்ணைத் திறந்து நேராக என் முகத்தைப் பார்த்தார். இப்போது கத்துவார் என்று நினைத்தேன். கத்தட்டும், பதிலுக்குக் கத்த நான் பதினாறு வருஷமாக வார்த்தை சேர்த்து வைத்திருக்கிறேன்.

"சரியாத்தான் இருக்கு," என்றார். "இப்பிடியே இருக்கட்டும்."

அவ்வளவுதான். எமல்டா சோடா கொண்டுவந்தாள், குடித்தார், போய்விட்டார்.

எனக்குச் சந்தோஷம் வரவேண்டும். வரவில்லை. அடிக்க ஓங்கிய கையை ஒருவன் பிடித்து முத்தம் கொடுத்த மாதிரி அருவருப்பாக இருக்கிறது.

அக்டோபர் 1, புதன்

அண்ணன் தலையணையைக் கையால் அமுக்கிப் பார்த்துவிட்டார். "என்ன ஏளா வேல இது? எங் கடையில இருந்து இப்பிடி ஒரு பெட்டி போவாது. செத்தவன்கிட்டயா வம்பு?"

"இன்னும் சாவலயே."

"பேச்சுல ஒன்ன ஜெயிக்க முடியுமா? இத எடுத்துட்டுப் பஞ்சு வையி."

வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு, உடைந்த ஈர்க்கை எடுத்துப் புது ஈர்க்கு வைத்துத் தைத்தேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

எமல்டா வந்து, அப்பா கூப்பிடுதாவ அக்கா என்றாள். போகக்கூடாது என்றுதான் நினைத்தேன். கால் போய்விட்டது.

கூடத்தில் இரும்புக் கட்டிலில் கிடந்தார். மகளைக் காப்பி போட அனுப்பினார்.

"ஏட்டி, அந்தத் துணியயும் உருவிரு," என்றார்.

"எந்தத் துணிய?"

"பெட்டிக்குள்ள பகட்டா போட்டிருக்கியே, அத. வெறும் பலக போதும். கஸ்பாரு எப்பிடிப் போனானோ அப்பிடியே போறேன்."

அவரே பேசினார். "அவன் குடிக்கல. எனக்குத் தெரியும். வாசல்ல நின்னு, கூண்டு ஏத்தியிருக்காவ சம்மாட்டி, காத்து அடங்கட்டும்னு கெஞ்சினான். படகு போயிருமேன்னு நாந்தான் வெரட்டினேன்."

பதினாறு வருஷம் நான் தொண்டை கிழியக் கத்தினதை, இந்த ஆள் படுத்துக்கொண்டு சாவகாசமாகச் சொல்கிறார். உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "இத எங்கிட்ட எதுக்குச் சொல்லுதீரு? எனக்குத் தெரியாததா? ஊருக்குச் சொல்லும்!"

"சாமியார்ட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லிட்டேன்."

"அவரு வெளிய சொல்லக்கூடாது. நல்ல ஆளாப் பாத்துத்தான் சொல்லியிருக்கீரு."

"எமல்டாவுக்குப் பிள்ளைய இருக்கு. மாமியா வீட்டுல அவ தல நிமிந்து நடக்கணும்லா. அத மட்டும் கேக்காத. பலகயில படுத்துப் போயிருதேன். ஒனக்கும் எனக்கும் சரியாப் போவும்."

சரியாகப் போகுமாம்! குற்றம் செய்ததும் அவர், தண்டனையைப் பொறுக்கி எடுப்பதும் அவர், தீர்ந்தது என்று சொல்வதும் அவர். கஸ்பாருக்கு என்ன கிடைத்தது? கல்லில் பெயர் உண்டா? குடிகாரன் பெண்டாட்டி என்று இன்றைக்கும் தண்ணிக்குழாயில் என் முதுகுக்குப் பின்னால் பேசுகிறார்களே, அது சரியாகப் போகுமா?

"பலக வேணும்னா ஒண்ணு செய்யும்," என்றேன். "ஞாயித்துக்கிழம பூச முடிஞ்சதும் மைக்குல சொல்லும். கஸ்பாரு குடிக்கல, நாந்தான் அனுப்புனேன். அவ்வளவுதான். அன்னிக்கே துணிய உருவி வெறும் பலகையா வைக்கேன். சொல்லலன்னா மெத்ததான்."

எமல்டா காப்பியோடு வந்தாள். முழுதும் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

பூசைக்குச் சக்கர நாற்காலியில் வந்திருந்தார். அறிக்கைகள் எல்லாம் வாசித்து முடித்து, வேறு யாருக்காவது ஏதாவது சொல்லவேண்டுமா என்று சாமியார் கேட்டார். சம்மாட்டி நாற்காலிக் கையைப் பிடித்து எழ உன்னினார். பேரப்பிள்ளை ஓடிவந்து அவர் மடியில் ஏறிக்கொண்டது. உட்கார்ந்துவிட்டார்.

எல்லாரும் கலைந்து போனார்கள். நான் கோயிலைவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

அக்டோபர் 13, திங்கள்

சாட்டினைப் பிரித்தேன். ஈர்க்கையெல்லாம் பிடுங்கி அடுப்பில் போட்டேன். ஒரு மூட்டை முதல்தர இலவம்பஞ்சு வாங்கிவந்து, கொட்டையும் தூசியும் பொறுக்கி, வெயிலில் உலர்த்தி, கையாலேயே பிய்த்துப் பிய்த்து நிரப்பினேன். அடியில் நிரப்பினேன், பக்கத்தில் நிரப்பினேன், மூடிக்கும் உள்ளே வைத்துத் தைத்தேன். பாவம் செய்யாத குழந்தைக்குக்கூட நான் இப்படி ஒரு மெத்தை செய்ததில்லை. பிலவேந்திரா, பலகையில் படுத்துக் கணக்குத் தீர்க்கப் பார்த்தாயே! படு. சுகமாகப் படு. பொய்யோடு படு.

தொபியாஸ் அண்ணன் வந்து அமுக்கிப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது. "இப்பத்தான் நீ ஜெசிந்தா," என்றார். போங்கண்ணே, உங்களுக்கு ஒன்றும் தெரியாது.

அக்டோபர் 15, புதன்

அவருக்குத் தெரியவேண்டாமா? தெரியாமல் செத்தால் எனக்கு என்ன லாபம்? ஒரு கைப்பிடி பஞ்சை முந்தானையில் முடிந்துகொண்டு போனேன்.

பேச்சு ரொம்பக் குறைந்துவிட்டது. எமல்டா கால்மாட்டில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். அவள் இருக்கும்போதே அவர் உள்ளங்கையை விரித்துப் பஞ்சை வைத்தேன்.

"நல்ல எலவம்பஞ்சு. தல வச்சா இருக்குத எடமே தெரியாது," என்றேன்.

புரிந்துகொண்டார். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார். "வேண்டாம், வேண்டாம்," என்றார். கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் இறங்கியது.

எமல்டா பதறிப்போனாள். "என்னக்கா? அப்பா எத வேண்டாங்காவ?"

"அவியகிட்டயே கேளு," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அப்பாடா என்று இருக்கிறது. ஆமாம், அப்பாடாதான். இன்றைக்குச் சாப்பிடத் தோன்றவில்லை, அது வெயிலுக்கு.

அக்டோபர் 19, ஞாயிறு

மழை. கடைக்குப் போகவில்லை. அவருக்குத் தண்ணீரும் இறங்கவில்லையாம். நானாக ஒன்றும் விசாரிக்கவில்லை, எதிர்வீட்டுக்காரியிடம் கேட்டேன், சொன்னாள்.

அக்டோபர் 23, வியாழன்

காலையில் துக்கமணி அடித்தது. எழுந்து தலை வாரிக்கொண்டு கடைக்குப் போனேன். பெட்டியைத் துடைத்து, லேஸை நீவிவிட்டு அனுப்பினேன்.

அக்டோபர் 24, வெள்ளி

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பெட்டியைப் பார்த்து ஊரே வாயைப் பிளந்தது. கிழவிகள் மெத்தையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். எமல்டா மட்டும் தொடவில்லை, மெத்தையையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூசையில் சாமியார் பிரசங்கம் வைத்தார். "தன் கணவர் விஷயத்தில் மனத்தாங்கல் இருந்தும், ஒரு விதவைத் தாய் தன் கையால் இந்த மெத்தையைத் தைத்திருக்கிறார். மன்னிப்பு என்றால் இதுதான்." பெண்கள் திரும்பிப் பார்த்துக் கண்ணைத் துடைத்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

கல்லறைத் தோட்டத்தில் குழிப்பக்கம் பெட்டியை இறக்கி, கடைசியாக முகம் பார்க்க மூடியை எடுத்தார்கள். சாமியார் என்னை முன்னால் கூப்பிட்டார். "வாங்கம்மா, நீங்க முதல்ல பூப் போடுங்க. இந்த ஊருக்கே நீங்க ஒரு..."

"நான் மன்னிக்கல சாமி," என்றேன்.

அவருக்குக் காதில் விழவில்லை போல. மறுபடி சொன்னேன், இந்தத் தடவை மதிலுக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி. "நான் மன்னிக்கல! இவரு வெறும் பலக கேட்டாரு. எங் கஸ்பாரப் பலகயில போட்டதுக்குத் தானும் பலகயில போறேன்னாரு. கஸ்பாரு குடிக்கலன்னு ஊருக்கு முன்னால சொல்லும், தாரேன்னேன். சொல்லல. அதான் பஞ்சு. வஞ்சம் சாமி இது, மன்னிப்பு இல்ல!"

"ஏளா, எழவு எடத்துல என்ன பேச்சு!" என்று ஒருவன் கையை ஓங்கிக்கொண்டு வந்தான். தொபியாஸ் அண்ணன் குறுக்கே நின்றார். "குடிகாரனுக்கு வக்காலத்தா?" என்று ஒரு குரல். செத்தவர் எழுந்து வந்தா சாட்சி சொல்லப்போகிறார்? நான் தோற்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

எமல்டா எழுந்தாள். அழுது அழுது குரல் கட்டியிருந்தது.

"அக்கா சொல்லுதது நெசம். கஸ்பாரு மாமா குடிக்கல. போவமாட்டேன்னவர எங்கப்பாதான் வெரட்டி அனுப்புனாவ. அன்னிக்குப் பஞ்சக் கையில புடிச்சிக்கிட்டே எங்கிட்ட எல்லாத்தயும் சொன்னாவ. எனக்குத்தான் நேத்துவர தைரியம் வரல." அவள் புருஷன் கையைப் பிடித்து இழுத்தான். உதறிவிட்டாள். "எல்லாரும் கேட்டுக்கிடுங்க. அந்தக் கல்லுல மாமா பேர வெட்டுங்க."

பிறகு அவள் என் முன்னால் வந்து நின்றாள். "அக்கா, அப்பாவுக்காவ நான் சொல்லிட்டேன். இப்பப் பலகய தருவீயளா?"

வாக்குக் கொடுத்தவள் நான். எப்போதும் இடுப்பில் செருகியிருக்கும் கத்தரிக்கோலை எடுத்தேன். நாலு பேர் போர்வையோடு அவரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். சாட்டினைத் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை கிழித்தேன். எமல்டா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், கை கையாகப் பஞ்சை அள்ளி வெளியே போட்டோம். கடல்காற்று அதை வாரிக்கொண்டு போய்ச் சிலுவைகள் மேலும், சாமியார் அங்கி மேலும், என்னை அடிக்க வந்தவன் தலைமேலும் போட்டது. ஒருவரும் தட்டிவிடவில்லை. கடைசியில் பலகை தெரிந்தது.

உடம்பை இறக்கினார்கள். தலையை நான்தான் வாங்கினேன். எமல்டா வாங்க வந்தாள், நான் விடவில்லை. இரண்டு கையையும் அடியில் கொடுத்து, பலகையில் என் புறங்கை படுகிற வரை இறக்கி, விரலை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டேன். சத்தம் வரவில்லை.

எமல்டா என் கையைப் பிடித்துக்கொண்டு என்னமோ சொல்ல வந்தாள். "மூடியப் போடச் சொல்லு பிள்ள," என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டேன்.

ஒரு பெண்பிள்ளை முன்னால், பெற்ற தகப்பன் தலை இடிக்கக் கூடாது என்றுதான் அப்படிச் செய்தேன். அதையும் மன்னிப்பு என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாராவது பிரசங்கம் வைத்தால், சாமியாராகவே இருந்தாலும் எழுந்து மைக்கைப் பிடுங்கிவிடுவேன்.